பாஸ் பூட்டின பிறேக்

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது, கவனித்தீர்களா? ஒருத்தியின் வீட்டுக்கு ஒருத்தி போனால் முதலில் சீனி வருத்தம், அடுத்தது பிறசர், அதன் பிறகு முழங்கால். இந்த மூன்றும் முடிந்தால்தான் பழைய கதை தொடங்கும். அதிலும் நல்ல கதையாகப் பார்த்துப் பொறுக்கித்தான் சொல்லுவோம். வாவியில் இறால் தடவியது, பள்ளிக்கூடத்துப் பின்வேலியால் பாய்ந்தது. சண்டைக் காலத்தைப் பற்றிச் சொல்ல வந்தாலும் பங்கருக்குள் சாரைப்பாம்பு வந்த பகிடியோடு நிறுத்திக்கொள்வோம். நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு வந்தேன். இன்றைக்குச் சொல்லப்போவதில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஒரு மாரி தொடங்கி அடுத்த வெயில் வருவதற்குள் நடந்தது. என்னோடு படித்த உங்களில் அரைவாசிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். தெரிந்த கதை பிழையான கதை.

எங்கள் அப்பா கார் வைத்து ஹயர் ஓடியவர். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், நம் பக்கத்து ஏழெட்டு ஊருக்கும் ஓடக்கூடிய நிலையில் இருந்த கார் அது ஒன்றுதான். மற்றக் கார்கள் டயர் இல்லாமல் கல்லின் மேல் நின்றன. இல்லாவிட்டால், துவக்கோடு வந்து கேட்டவர்கள் கொண்டு போயிருந்தார்கள். எங்கள் கார் தப்பியதற்கு அதன் கோலம்தான் காரணம். வெள்ளை நிற யப்பான் கார். பின் கதவு ஒன்று மட்டும் பச்சை. பெற்றோல் வராத காலம். ஸ்ராட் பண்ணுவதற்கு ஒரு சோடாப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும், ஓடுவது மண்ணெண்ணெயில். உள்ளே ஏறினால் குப்பிவிளக்கு மணக்கும். பாம்பு கடித்தவர், வெடி பட்டவர், பிள்ளைப்பேற்றுக்காரி எல்லாரும் அந்த மணத்துக்குள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உங்களில் இரண்டு பேரின் தம்பி தங்கைகள் அந்தக் காரில் போய்ப் பிறந்தவர்கள்.

ஆஸ்பத்திரி வாவிக்கு அந்தப் பக்கம், மட்டக்களப்பு டவுனில். போவதற்குப் பாதை ஏற வேண்டும். என் பிள்ளைகளிடம் பாதை ஏறினோம் என்றால் ரோட்டில் ஏறியதாக நினைக்கிறார்கள். பெரிய வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற அந்த மிதப்பை அவர்கள் கண்டதில்லை. ஒரு கார், பத்துச் சைக்கிள், இருபது சனம், நாலு ஆடு என்று ஏற்றுவார்கள். எங்கள் கரையில் ஏறுவது சுகம். அக்கரையில் இறங்குவதுதான் பாடு. தென்னங்குற்றிகளைப் புதைத்துக் கிறவல் கொட்டிய செங்குத்தான ஏற்றம், அதன் உச்சியில் ஆமியின் காவலரண், சென்றி என்போம். ஏற்றத்தின் நடுவில் வெள்ளை அடித்த ஒரு தார்ப்பீப்பா. கார் அந்தப் பீப்பாவோடு நிற்க வேண்டும். சனம் எல்லாம் பாதையில் இருந்தே நடந்து போய், சாக்கு மறைப்புக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். நோயாளி மட்டும் காருக்குள் இருக்கலாம். சாரதி என்ஜினை நிற்பாட்டி இறங்கி, அடையாள அட்டையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு சென்றிக்கு நடக்க வேண்டும்.

அந்த மாரியில் வெள்ளம் கடுமை. டவுனுக்குள் நுழையும் பாலத்தடியிலும் ஒரு சென்றி இருந்தது, அதற்கு முன்னால் ரோட்டை மூடித் தண்ணீர். அப்பா ஒரு காய்ச்சல்காரக் கிழவரை ஏற்றிக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள்ளால் போய், சென்றியில் பிறேக்கை மிதித்திருக்கிறார். கார் கேட்கவில்லை. ஒரு கார் நீளம் தாண்டிப் போய் அங்கிருந்த பீப்பாவை இடித்துத்தான் நின்றது. இரண்டு வெடி. ஒன்று ஆகாயத்துக்கு, மற்றது இடது பக்க லைற்றுக்கு. அப்பாவைப் பொழுதுபடும்வரை ரோட்டில் முழங்காலில் வைத்துவிட்டு, அடுத்த முறை லைற்றில் சுட மாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த அப்பா சாப்பிடவில்லை. அம்மாவிடம் ஒன்றுதான் சொன்னார். "அந்த ட்ரம்மக் கழட்டி எறியணும். இல்லாட்டி என்னச் சுட்டுப் போட்டிருவானுகள்."

ட்ரம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்கே விளக்கினார், நான் கேட்காமலே. காரின் முன் சில்லுகளில் டிஸ்க் பிறேக். அது ஒரு திறந்த இரும்புத் தட்டு, இரண்டு பக்கமும் கட்டை வந்து கவ்வும், தண்ணீர் பட்டாலும் இரண்டு சுற்றில் உதறிவிடும். பின் சில்லுகளில் ட்ரம். அது மூடிய சட்டி. உள்ளே சூ என்கிற இரண்டு வளைந்த கட்டை விரிந்து சட்டியின் சுவரை அமத்தும். அந்தச் சட்டிக்குள் உப்புத் தண்ணீரும் சுரிச் சேறும் போனால் வெளியே வர வழி கிடையாது. சூ வழுக்கும், முன் சில்லு மட்டும் பிடித்தால் கார் சறுக்கிக்கொண்டு போகும். புதுச் சூ வாங்கலாமென்றால் டவுனிலேயே இல்லை.

கார் திருத்துகிறவரை நாங்கள் பாஸ் என்போம், அந்தப் பாஸின் கராச் டவுனில் கோயில் ஒழுங்கையில் இருந்தது. கோயில் என்றால் வேதக் கோயில். பாஸ் பறங்கி மனிதர். மனைவியோடு போத்துக்கீசு கலந்து கதைப்பார், எங்களோடு எங்களைப் போலவே கதைப்பார். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய பிஸ்கற் ரின் மூடியில் கழற்றிய ஒழுங்கிலேயே அடுக்குவார். அந்த அடுக்கில் யாராவது கை வைத்தால் மட்டும் கோபம் வரும். பள்ளிக்கூடத்தில் அகதிகள் இருந்ததால் எனக்கு லீவு, அதனால் நானும் அப்பாவோடு போயிருந்தேன்.

"ட்ரம் போகட்டும் தம்பி," என்றார் பாஸ். "பின் வளவுல வேன் ஒண்டு கிடக்கு. அதுட முன் டிஸ்க் ரெண்டும் நல்லா இரிக்கி. அதக் கொண்டு வந்து இதுட பின்னுக்குப் பூட்டுவம்."

"பின்னுக்கு இரிக்குமா பாஸ்?"

"சும்மா இரிக்காது. கவ்வுற கலிப்பர் இரிக்கிறதுக்குத் தகடு வெட்டணும். தட்டுட நடுவ லேத்தில கடையணும். செய்வம்."

அந்த வேன் கண்ணிவெடியில் பின்பக்கம் போன வேன். அம்மாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. செத்தவர்களின் சாமான் நமக்கு எதற்கு என்று புறுபுறுத்தார். அப்பா கேட்கவில்லை. வேலை ஒன்பது நாள் எடுத்தது, ஏனென்றால் லேத் கரண்ட் இருந்தால்தான் சுற்றும், கரண்ட் நினைத்த நேரம் வரும். நான் வாசலில் இருந்து இரும்புச் சுருள்கள் நீலமாகவும் பொன்னிறமாகவும் உருண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடச்சுட ஒன்றை எடுத்து விரலைப் புண்ணாக்கியதும் நான்தான்.

பத்தாம் நாள் ஒழுங்கைக்குள் ஓடிப் பார்த்தார்கள். அப்பா மிதித்த இடத்திலேயே கார் நின்றது, என் நெற்றி முன்பக்கத்தில் மோதியது. பாஸ் வாளி வாளியாகப் பின் சில்லுக்குத் தண்ணீர் ஊற்றினார். சுரியை அள்ளி எறிந்தார். திரும்பவும் ஓட்டச் சொன்னார். திரும்பவும் நின்றது. அப்பா இறங்கி வந்து பாஸின் எண்ணெய்க் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்பாவை அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

பாஸ் சிரித்துவிட்டு, "ஆனா ஒண்டு தம்பி," என்றார். "ஹான்பிறேக் இல்ல. பழைய கேபிள் ட்ரம்முக்குள்ள கிடந்த சூவத்தான் இழுத்த. இந்தக் கலிப்பர்ல அதுக்கு இடமில்ல. வேற பிடி ஒண்டு செஞ்சு தாறன், கம்பிதான் கிடைக்கணும். ஒரு மாசம் பொறுங்க, நானே சாமானோட அக்கரைக்கு வாறன். அதுவரைக்கும் இந்தக் கார மேட்டுல விட்டுட்டு இறங்கப்படா. பாதைல கொண்டு வரவே வேணா."

"கியரில போட்டா நிக்கும்தானே?"

"மண்ணெண்ணெயில ஓடித் தேஞ்ச என்ஜின் தம்பி. சமன்ல நிக்கும். மேட்டுல ஊரும்."

அப்பா "ஓம் ஓம்" என்றார். அப்பா நல்ல மனிதர். சந்தோசமாக இருக்கும்போது சொன்னதைக் கேட்கிற மனிதர் அல்ல.

ஒரு மாதம் பொறுக்க ஊர் விடவில்லை. ஐந்தாம் நாளே ஒரு பாம்புக்கடி வந்தது. அப்பா கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போனார், ஏற்றத்தில் பின் சில்லுக்குக் கீழே வைக்கலாம் என்று. அவர் குனிந்ததுதான் தாமதம், மேலிருந்து துவக்குகள் லோட் ஆகும் சத்தம் கேட்டது. காருக்கு அடியில் கை போகக் கூடாது, எந்தச் சாமானும் வைக்கக் கூடாது. குண்டு வைக்கிற காலம், அவர்களைப் பிழை சொல்லவும் முடியாது. அன்றைக்குப் பாதைக்காரர் ஒருவர் பின்னால் முதுகைக் கொடுத்துத் தாங்கி நின்றார். அதற்கும் பேச்சு விழுந்தது. சாரதியின் சீற்றில் வேறு ஆம்பிளை ஏறி இருந்தாலும் விடமாட்டார்கள். சின்னப் பிள்ளை இருந்தால் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அப்படித்தான் நான் எங்கள் காரின் ஹான்பிறேக் ஆனேன்.

அப்பா வளவுக்குள் காரை நிறுத்தி எனக்குப் பழக்கினார். முதுகுக்குத் தலையணை. இரண்டு காலையும் பெடலில் வைத்து, சீற்றில் முதுகை அழுத்தித் தள்ள வேண்டும். "நான் வந்து கதவத் துறக்குமட்டும் கால எடுக்கப்படா மகள். என்ன நடந்தாலும் எடுக்கப்படா." அம்மா குசினி வாசலில் நின்று, பச்சப்பிள்ளையை இப்படிச் செய்ய வேண்டாம் என்று அழுதார். அப்பா, "புள்ள இரிந்தா ஆமிக்காரனும் சந்தேகப்படான்," என்றார். இன்றைக்கு என் பேத்திக்கு வயது பத்து. அவளை நான் ரோட்டைக் கடந்து கடைக்கு அனுப்புவதில்லை. அப்பாவுக்கு அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஆனாலும் எனக்குக் கோபம் வருகிறது, ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

அன்றைக்கு எனக்குப் பெருமைதான் இருந்தது. அந்த மாதத்துக்குள் ஆறு முறை போனேன். தொடை நடுங்கும். பெடல் றப்பரின் கோடுகள் பாதத்தில் பதிந்து வீடு வரும்வரை கிடக்கும். சென்றியில் இருந்த ஆமிக்காரர்களுக்கு என்னைப் பழகிவிட்டது. ஒருவன் 'பொடி ட்ரைவர்', சின்ன ட்ரைவர், என்று சிங்களத்தில் கூப்பிட்டு ஒரு முறை டொபியும் தந்தான். அம்மா அதை வாங்கி வேலிக்கு அப்பால் எறிந்தார்.

இனிச் சின்னம்மா. அம்மாவின் தங்கை. கல்யாணம் முடித்து ஐந்து வருடம் கழித்து முதற்பிள்ளை வயிற்றில். சின்னப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார், வர முடியாமல் அங்கேயே அடைபட்டுப் போயிருந்தார். சின்னம்மா எங்களோடு இருந்தார். எனக்குத் தலை பின்னி விடுவது, கதை சொல்லுவது, அம்மாவின் அடியிலிருந்து இழுத்தெடுப்பது எல்லாம் அவர்தான். ஒரு நாள் காலையில் நோக்காடு தொடங்கியது. மருத்துவிச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சுறுக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்.

பாதையில் போகும்போது சின்னம்மா பின் சீற்றில் படுத்திருந்தார். நான் முன்னால். அவர் கையை நீட்டி என் பின்னலைப் பிடித்துக்கொண்டார். "மகள், நான் கத்தினாலும் நீ திரும்பிப் பாக்காத. பயந்திருவாய்," என்றார். நோகிற மனுசி எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கரையில் அம்மா மற்றச் சனத்தோடு இறங்கி நடந்து போய்ச் சாக்கு மறைப்புக்குள் நின்றார். அப்பா ஏற்றத்தில் ஏறி, பீப்பாவோடு மயிரிழை பிசகாமல் நிறுத்தினார். நான் கீழே நழுவி அப்பாவின் காலுக்கு மேலேயே என் காலை வைத்தேன். அவர் தன் காலை உருவிக்கொண்டார். கியரைப் போட்டு, என்ஜினை நிற்பாட்டி, அட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் பாதை அடுத்த சனத்தை ஏற்றத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

மேலே நின்றவர்கள் புது ஆட்கள். எங்களைத் தெரியாதவர்கள். அதில் ஒருவன் காரைக் காட்டி, எல்லாரையும் இறங்கச் சொல்கிறான் என்று எனக்கு விளங்கியது. அப்பா தனக்குத் தெரிந்த இரண்டு சிங்களச் சொல்லில் நோயாளி, பிள்ளை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லிக்கொண்டே தூக்கிய கையை இறக்கிக் காரைக் காட்டினார். கை இறங்கியதும் அவன் அடித்தான். அட்டை விழுந்தது. அப்பா அதை எடுக்கக் குனிந்தார். மற்றவன் உதைத்தான். அப்பா முழங்காலில் விழுந்தார்.

அப்பாவை ஒருவர் அடிக்கலாம் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. எங்கள் ஊரில் அவரைக் கண்டால் வயதுபோனவர்களே எழும்பி நிற்பார்கள். காலை எடுத்தது எனக்கு ஞாபகம் இல்லை. கதவைத் திறந்ததும் ஞாபகம் இல்லை. வெறுங்காலில் கிறவல் குத்தியது ஞாபகம் இருக்கிறது. "அப்பா" என்று கத்திக்கொண்டு பத்துப் பதினைந்து அடி ஓடியிருப்பேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் நான் திரும்பினேன்.

கார் மெதுவாகத்தான் போனது. முதலில் நடக்கிற வேகம், பிறகு ஓடுகிற வேகம். சின்னம்மாவின் சத்தம் கேட்டது. பின்பக்கமாக வாவிக்குள் இறங்கி, கண்ணாடி அளவுக்குப் போய், சுரியில் புதைந்து நின்றது. கரையில் நின்ற பாதைக்காரர் இருவர் குதித்தார்கள். அப்பாவை அடித்தவனும் துவக்கை எறிந்துவிட்டுக் குதித்தான். அவன்தான் பச்சைக் கதவை உடைத்துச் சின்னம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தவன். இதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

சின்னம்மா பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. தண்ணீராலா, அடிபட்டதாலா, குறுக்கே கிடந்ததாலா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சின்னம்மாவுக்கு அதற்குப் பிறகு பிள்ளை கிடைக்கவும் இல்லை.

அப்பாவைக் காம்பில் வைத்துக்கொண்டார்கள். வேண்டுமென்றே காரைப் பாதைத் துறைக்கு உருள விட்டானா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அப்பா, "பிறேக் விட்டுட்டு," என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நான் காரை விட்டு ஓடி வந்ததை அவர் கண்ணால் கண்டவர். என்றாலும் பிறேக் விட்டது என்றே மூன்று நாளும் சொன்னார். அப்படியென்றால் காரைத் திருத்தியவன் வந்து காட்டட்டும், பிறேக் சரியாக இருந்தால் இவனை அடுத்த காம்புக்கு அனுப்புகிறோம் என்றான் அங்கிருந்த பெரியவன். அடுத்த காம்புக்குப் போனவர்கள் யாரும் வீட்டுக்கு வந்ததில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பாஸின் கராச்சுக்குப் போனார். வாசலில் நின்று அழுததில் பாதிதான் விளங்கியிருக்கும். பாஸ் கைப்பையைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு வந்தார்.

காரை உழவு மெசினால் இழுத்துக் கரையில் விட்டிருந்தார்கள். பாஸ் உள்ளே ஏறி, நனைந்த சீற்றில் இருந்து பெடலை மிதித்தார். திரும்ப மிதித்தார். நான் கதவடியில் நின்றேன். பெடல் இறங்கவில்லை, கல்லாக நின்றது.  பாஸ் சீற்றில் கிடந்த தலையணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மகள், கால் எட்டிச்சா?"

"ஓம்," என்றேன்.

"அப்ப சரி."

 பாஸ் இறங்கி, சென்றிக்குத் தெரியாத பக்கத்துப் பின் சில்லடியில் குந்தி, பையில் இருந்து ஒரு ஸ்பனரை எடுத்து, கலிப்பருக்குப் போகிற பைப்பின் நட்டை இரண்டு சுற்றுக் கழற்றினார். பிறேக் எண்ணெய் சொட்டுச் சொட்டாக உப்பு மண்ணில் விழுந்தது. ஒன்பது நாள் இருந்து அவர் பூட்டியது. ஸ்பனரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "அம்மாட்டப் போய் நில்லுங்க மகள்," என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். பெரியவனைக் கூட்டி வந்து எண்ணெயைக் காட்டினார், பெடலை மிதித்துக் காட்டினார். இப்போது அது பொதுக்கென்று தரைவரை போனது. தன்னுடைய வேலைதான் பிழைத்தது, வேனின் சாமானைக் காருக்குப் பூட்டியது தன்னுடைய மடத்தனம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவர்கள் அவரை என்னவெல்லாம் ஏசினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அன்றைக்குப் பின்னேரமே அப்பா வீட்டுக்கு வந்தார்.

அப்பா பாஸிடம் போகவே இல்லை. நன்றி சொல்லவும் போகவில்லை, மன்னிப்புக் கேட்கவும் போகவில்லை. வெட்கம் என்று நினைக்கிறேன். போனால் உண்மையைக் கதைக்க வேண்டி வரும், கதைத்தால் அது என் பெயரில் வந்து நிற்கும் என்ற பயமாகவும் இருக்கலாம். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், "பிறேக் விட்டுட்டு," என்றார். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. பறங்கி குடித்துவிட்டுப் பூட்டினான் என்றார்கள். பாஸ் குடிக்கிறவரே அல்ல. செத்தவர்களின் சாமான் பலி எடுத்தது என்றார்கள். ஒரு வருடத்தில் கராச்சில் கார் நிற்பதைக் காணவில்லை. தண்ணீர் மெசின் திருத்தினார், பிறகு அதுவும் இல்லை, கதவு பூட்டிக் கிடந்தது. பாஸ் பூட்டின பிறேக் என்பது நம் ஊரில் ஒரு பேச்சாகவே வந்துவிட்டது. வருகிறேன் என்று வராதவன், தருகிறேன் என்று தராதவன், எலெக்சன் கேட்கிறவன் எல்லாருக்கும் அந்தப் பெயர்தான். நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். நானும் வாயைத் திறக்காமல் இருந்து முப்பது வருடத்துக்கு மேலே போய்விட்டது.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்காரர் வரப் பிந்தியபோது யாரோ அதையே சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழக்கத்தில் வந்த சிரிப்பு. பக்கத்தில் சின்னம்மா இருந்தார். சின்னப்பா செத்ததிலிருந்து அவர் என்னோடுதான் இருக்கிறார். திரும்பி வரும்போது ஆட்டோவுக்குள் வைத்துக் கேட்டார்.

"நீயுமா மகள் சிரிச்சாய்?"

நான் ஆட்டோவுக்கு வெளியே பார்த்தேன்.

"நான் பின்னுக்குத்தானே கிடந்தன் மகள். நீ கதவத் துறந்து ஓடக்குள்ள பாத்துக்கிட்டுத்தான் கிடந்தன். கார் ஊரத் தொடங்கினதும் எழும்பி, முன்னுக்கு எட்டி, அந்தப் பெடலக் கையால அமத்தப் பாத்தன். வயிறு விடல்ல."

வீடு வரும்வரை நான் அழுதேன். கேற்றடியில் வைத்துத்தான், ஏன் இவ்வளவு காலமும் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ என்னட்ட வராம விட்டிருப்பாய். மறுகா எனக்கு ஆர் இரிக்கா?" என்றார். பிறகு, "பாஸ்ட ஆக்கள் ஆருக்காவது சொன்னயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நாளைக்குப் போவம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போனோம். அதே ஒழுங்கை, அதே வீடு. கராச் இருந்த இடத்தில் இப்போது யாரோ போட்டோக் கொப்பி அடிக்கிறார்கள். பாஸ் செத்துப் பல வருடம். அவருடைய மகள் கதவைத் திறந்தார், நம் வயதுதான் இருக்கும். நாங்கள் யார் என்று சொன்னதும் முகம் மாறியது. உள்ளே கூப்பிட்டு இருக்க வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நட்டைக் கழற்றியது வரை சொன்னேன். 

முடிந்ததும் பாஸின் மகள் மெல்லக் கேட்டார். "அப்ப அப்பாட கை பிழைக்கல்ல?"

"இல்ல. அந்தப் பிறேக் கடைசிமட்டும் நல்லாத்தான் பிடிச்சது."

"எங்களுக்கும் அவர் தன்ட பிழை எண்டுதான் சொன்னவர். அம்மாட்டயும் அப்பிடித்தான். அம்மா வருசா வருசம் கோயில்ல அந்தப் பிள்ளைக்கு மெழுகுதிரி கொளுத்துவா. என்ட மனிசன்ட கையால போன உயிர் எண்டு அழுவா." பிறகு, "அம்மா செத்து மூணு மாசம்," என்றார்.

மூன்று மாதம். முப்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு மூன்று மாதம் பிந்திவிட்டது. நான் வெட்கப்பட்டேன் என்று சொன்னால் அது காணாது. அந்த வீட்டுக் கதிரையில் இருப்பதற்கே எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

அவர் எழும்பிப் போய் ஒரு கொப்பித் தாளும் பேனையும் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "அண்ணன் அவுஸ்திரேலியால. நான் சொன்னா நம்பமாட்டார். நீங்க எழுதித் தாங்க."

எழுதினேன். பின் சில்லுக்குப் பாஸ் பூட்டிய டிஸ்க் பிறேக்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பெடலில் இருந்து காலை எடுத்தது நான். பாஸ் தன் கையால் நட்டைக் கழற்றியது எங்கள் அப்பாவைக் காப்பாற்றுவதற்காக. கீழே பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதைத்தான் இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன். இனி யாராவது அந்தப் பேச்சைச் சொன்னால், சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பாஸின் மகள் தாளை வாங்கி இரண்டு முறை வாசித்தார். "திகதி போடல்ல," என்றார். "இண்டைக்குள்ளது வேணா. அது நடந்த அண்டைக்குள்ளதப் போடுங்க."

எனக்கு மாரி முடிகிற காலம் என்று மட்டும்தான் தெரியும். பேனையைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். சின்னம்மா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே வருடத்தைச் சொன்னார், மாதத்தைச் சொன்னார், நாளையும் கிழமையையும் சொன்னார். நான் எழுதி முடித்துப் பேனையை வைக்கப் போனேன்.

"காலம பத்தேகாலுக்கு," என்றார் சின்னம்மா. "அதையும் போடு."